சண்டை இருந்த வரைக்கும் கொலுசு

காலையில போனைத் தொறந்தா நம்ம பள்ளிக்கூட குரூப்புல யாராவது ஒருத்தி தாமரைப்பூ படம் போட்டு, 'விட்டுக் கொடுப்பவர் கெட்டுப் போவதில்லை'ன்னு அனுப்பி வெச்சிருக்கா. கீழ நீங்க எல்லாரும் வரிசையா கை கூப்பறீங்க. நான் மட்டும் ஏன் ஒண்ணும் போடறதில்லன்னு போன வாரம் ஒருத்தி கேட்டுட்டா. கேட்டதால சொல்றேன். விட்டுக் குடுத்தவ மனசுல என்ன எரியும்னு அந்தத் தாமரைப்பூவுக்குத் தெரியாது.

எங்க சொந்தத்துல எனக்கு விட்டுக் குடுக்கறவன்னே பேரு. யாரு வீட்டுல சண்டைன்னாலும் என்னைக் கூப்பிடுவாங்க. "அவள வரச்சொல்லுங்க, அவ ஏழெட்டு வயசுலயே கால்ல கெடந்த கொலுசக் கழட்டிக் குடுத்தவ"ன்னு ஒரு கதை எனக்கு முன்னாடி அங்க போய் உக்காந்திருக்கும். நானும் போயி, புருஷன் பொண்டாட்டி, அண்ணன் தம்பின்னு எத்தனையோ பேரைச் சேத்து வெச்சிருக்கேன். ஆனா உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன, என்னை மாதிரி பொறாமை புடிச்சவ இந்த ஜில்லாவுலயே கெடையாது.

பொறாமை யாரு மேலன்னு கேளுங்க. அத்தை மக மேல.

அப்பாவுக்கு ஒரே தங்கச்சி. அவங்க தான் எங்க அத்தை. கட்டிக் குடுத்தது வேங்கிக்கால் தாண்டி ஒரு கிராமத்துல. இன்னைக்குக் கலெக்டர் ஆபீசு, பிளாட்டுன்னு இருக்கற அந்தப் பக்கம் பூரா அப்ப நெல்லும் மல்லாட்டையும் வெளையற நெலம் தான். அத்தைக்கு ஒரே பொண்ணு. அவளும் நானும் ஒரே ஐப்பசியில பொறந்தவங்க. அவ எங்க வீட்டுக்கு வந்தா போதும், அப்பாவோட சைக்கிள்ல முன்னாடி பாரு அவளுக்கு. பார்ல துண்டைச் சுத்தி மெத்துன்னு பண்ணி உக்கார வெப்பாரு. எனக்குப் பின்னாடி கேரியரு. அப்பா முதுகைப் பாத்துக்கிட்டே ஊர் சுத்தணும். "அவ விருந்தாளிடா கண்ணு"ம்பாரு. மாசத்துல பாதி நாள் வந்தா அவ என்ன விருந்தாளி?

அப்பாவுக்கு வாடகை சைக்கிள் கடை. திருவூடல் தெருவுக்குத் திரும்பற முனையில இருந்துச்சு. நீங்க கூட அங்க தான் குட்டி சைக்கிள் எடுத்து முட்டியப் பேத்துக்குவீங்க. பஞ்சர் ஒட்டற சொல்யூஷன் வாடை அப்பா சட்டையில எப்பவும் இருக்கும். எனக்கு அந்த வாடை ரொம்பப் புடிக்கும். அத்தை மக மூக்கைப் பொத்திக்குவா. அப்படியும் மடி அவளுக்குத் தான்.

மடின்னதும் ஞாபகம் வருது. காது குத்தறப்போ புள்ளைய தாய்மாமன் மடியில தான உக்கார வெப்பாங்க? பெத்த அப்பன் எட்ட நின்னு வேடிக்கை பாக்கணும். எங்க அம்மாவுக்குக் கூடப்பொறந்தது எல்லாம் பொண்ணுங்க. எனக்குக் காது குத்தறப்போ ஏதோ ஒண்ணுவிட்ட மாமா ஒருத்தரப் புடிச்சு உக்கார வெச்சு வேலைய முடிச்சுட்டாங்க. அவரு யாருன்னு பின்னால அம்மாவுக்கே சரியா ஞாபகம் இல்ல. ஆனா அத்தை மகளுக்கு எங்கப்பா மடி. அது அவளோட உரிமை. என் அப்பா, அவ உரிமை! இந்த நியாயத்த நான் எந்த கோர்ட்டுல போய்ச் சொல்றது?

ஏதோ வேண்டுதல்னு தள்ளித் தள்ளிப் போயி, ஏழு வயசுல ஒரு ஆவணி மாசம் அவளுக்குக் காது குத்து வெச்சாங்க. அம்மா முன்னாடியே பஸ்ஸுல போயிட்டாங்க. அப்பா என்னைக் கூட்டிக்கிட்டு பத்தர் கடைக்குப் போனாரு. அத்தை மகளுக்கு வெள்ளிக் கொலுசு சொல்லி வெச்சிருந்தாரு. அது ரெடியா தான் இருந்துச்சு. அப்பா கையில எடுத்துக் காதுகிட்ட வெச்சுக் குலுக்கினாரு.

"சத்தம் கம்மியா இருக்குதே பத்தரே. இன்னும் ஜாஸ்தி மணி வெச்சுக் குடுங்க. புள்ள தெருமுனையில வரும்போதே எனக்குக் கேக்கணும்"னாரு.

"இப்பவா? நேரமாகாதா?"ன்னு பத்தர் கேட்டாரு.

"நீங்க வைங்க. நான் மிதிச்சிடுவேன்"னு அப்பா ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்துட்டாரு. பத்தர் ஊதுகுழலை வாயில வெச்சு நெருப்ப ஊதி ஊதி ஒவ்வொரு மணியா ஒட்ட வெச்சாரு. நான் கடைப் படியில உக்காந்து கரி வாசனையப் புடிச்சுக்கிட்டு, அந்த மணி ஒவ்வொண்ணையும் சபிச்சுக்கிட்டு இருந்தேன். எனக்குன்னு அப்பா ஒரு நாளும் ஒரு கடையில இப்படி உக்காந்ததில்ல.

அப்புறம் மிதிச்சாரு பாருங்க, பார்ல உக்காந்திருந்த எனக்கே மூச்சு வாங்குச்சு. ஆனா நாங்க போறதுக்குள்ள முடிஞ்சு போச்சு. ராகு காலம் பொறந்துடும்னு மாமா வீட்டு ஆளுங்க அவசரப்படுத்தி, புள்ளைய அவளோட பெரியப்பா மடியில வெச்சுக் குத்திட்டாங்க. அவ வாய் நிறைய வெல்லத்தோட அழுதுக்கிட்டு இருந்தா. அம்மா எவ்வளவோ சொல்லிப் பாத்திருக்காங்க, கொஞ்சம் பொறுங்கன்னு. அண்ணிக்காரி பேச்சு எந்த சபையில ஏறிச்சு?

அத்தை எல்லாரும் கேக்கற மாதிரி கேட்டாங்க: "இப்பத் தான் வழி தெரிஞ்சுதா அண்ணா? நேரங்காலம் கெடையாதா உனக்கு?"

"நான் வர்றதுக்குள்ள உங்களுக்கு என்ன அவசரம்?"

"ராகு காலம் உனக்காக நிக்குமா?"

அப்பா அதுக்கு மேல பேசல. ஏன் லேட்டுன்னு யாரும் கேக்கவும் இல்ல. கேட்டிருந்தா சொல்லியிருப்பாரு. வாசல்ல அவருக்குப் போட்ட மாமன் மாலையக் கழட்டிக் கீழ வெச்சாரு, அம்மாவைக் கண்ணால கூப்பிட்டாரு, திரும்பிட்டாரு. பந்தியில இலை போட்டாச்சு, சாம்பார் வாசனை வருது, எனக்குப் பசி. கை நனைக்காம வந்துட்டோம். நம்ம பக்கம் அதைவிடப் பெரிய சண்டை எது? அடிதடிய கூட மறந்துடுவாங்க, கை நனைக்காமப் போனத மறக்க மாட்டாங்க.

கொலுசுப் பொட்டலம் அப்பா சட்டைப் பையிலயே இருந்துச்சு. வீட்டுக்கு வந்ததும் என்னை உக்கார வெச்சு, காலைத் தொடை மேல எடுத்து வெச்சு, ரெண்டு காலுக்கும் மாட்டி விட்டாரு. "இது அவளுக்கு வாங்கினதுன்னு வெளிய மூச்சு விடக் கூடாது"ன்னு என்கிட்டயும் அம்மாகிட்டயும் சொன்னாரு. "செஞ்சதச் சொல்லிக் காட்டறவனா நான்?"னாரு. அம்மா சேலைத் தலைப்பால கண்ணத் தொடைச்சாங்க. நான் எழுந்து நடந்தேன். அடேங்கப்பா, என்ன சத்தம்! தெரு பூரா கேட்டுச்சு.

ஆவணியில இருந்து தை வரைக்கும் தான். ஆனா என் ஆயுசுல அதுக்கு ஈடா ஒரு காலம் இல்ல. வீட்டுல அம்மா சரியா சாப்பிடறதில்ல, அப்பா தீபாவளிக்குத் தங்கச்சிக்குச் சீர் அனுப்பல, ஆளாளுக்கு மூஞ்சி தொங்கிப் போச்சு. எனக்கு மட்டும் கொண்டாட்டம். சைக்கிள் பாரு எனக்கு. துண்டு மெத்தை எனக்கு. டீச்சர் கொலுசக் கழட்டி வெச்சுட்டு வான்னு திட்டினது கூட இனிச்சுச்சு. சாமி கும்பிடறப்போ, "எல்லாரும் நல்லா இருக்கணும், ஆனா இந்தச் சண்டை மட்டும் தீரக்கூடாது"ன்னு வேண்டிக்கிட்டேன்.

கார்த்திகை தீபத்தன்னைக்கு அவளைப் பாத்தேன். வருஷா வருஷம் எங்க வீட்டுல தங்கறவங்க, அந்த வருஷம் வேற யாரு வீட்டுலயோ தங்கியிருந்தாங்க. கூட்டம் மலையப் பாத்துக் கைய தூக்கிக் கும்புடுது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் அத்தை இடுப்பப் புடிச்சுக்கிட்டு அவ நிக்கறா. நான் இந்தப் பக்கம் சைக்கிள் பார் மேல, அப்பா நெஞ்சுல சாஞ்சு உக்காந்திருக்கேன். அவ என்னைப் பாத்துட்டா. நான் காலை ஆட்டினேன். நல்லா ஆட்டினேன். அந்தச் சத்தத்துல அவளுக்கு எங்க கேட்டிருக்கப் போகுது, ஆனா வெள்ளி மின்னினது தெரிஞ்சிருக்கும். அவ கண்ணு என் கால விட்டு நகரல.

ஊர்ல எல்லாரும், அண்ணிக்காரி தான் அண்ணனை ஏத்தி விடறான்னு பேசினாங்க. எங்க அம்மா காதுலயும் விழுந்துச்சு. ஆனா சமாதானத்துக்கு ஆள் அனுப்பினதே அம்மா தான். அது கடைசி வரைக்கும் யாருக்கும் தெரியாது. கோயில்ல கைங்கரியம் பண்ற ஒரு குருக்கள் எங்க தெருவுல இருந்தாரு. அவருகிட்ட போயி அழுதிருக்காங்க. அவரும் எங்க கடையிலயே ஒரு சைக்கிள் எடுத்துக்கிட்டு, அத்தை வீட்டுக்கும் கடைக்குமா அலைய ஆரம்பிச்சாரு.

அவரு தூது போன அழக, எனக்குக் கல்யாணமானப்போ அவரே சொல்லிச் சிரிச்சாரு. அத்தை, "அண்ணன் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்"னு சொல்லுவாங்களாம். இவரு அப்பாகிட்ட வந்து, "உங்க தங்கை எங்கண்ணா மூஞ்சி கண்ணுக்குள்ளயே நிக்கறதுன்னு அழறாளே"ம்பாராம். அப்பா, "எனக்குத் தங்கச்சின்னு யாரும் கெடையாது சாமி"ம்பாரு. அங்க போயி, "எனக்கு இருக்கறது ஒரே தங்கைன்னு உங்கண்ணா உருகறார்"னு சொல்லிடுவாராம். "தூது போறவன் கேட்டத அப்படியே சொன்னா ஊர் ரெண்டாயிடும்மா"ன்னாரு. கெட்டிக்கார மனுஷன் தான். ஆனா அவரு போட்ட ஒரு கண்டிஷன் இருக்கே, அது தான் எல்லாத்தையும் கெடுத்துச்சு.

தை மாசம் மாட்டுப்பொங்கலன்னைக்கு நம்ம ஊர்ல திருவூடல். வெளியூர்ல வாக்கப்பட்டு அங்கயே கெடக்கறவங்களுக்காகச் சொல்றேன். பிருங்கின்னு ஒரு முனிவர், சாமிய மட்டும் தான் கும்புடுவேன், பக்கத்துல இருக்கற அம்மனைக் கும்புட மாட்டேன்னு அடம் புடிச்சவரு. அவருக்குப் போயி சாமி தரிசனம் குடுக்கறேன்னு சொன்னா அம்மனுக்கு எப்படி இருக்கும்? நடுத்தெருவுல ரெண்டு பேருக்கும் சண்டை. அம்மன் கோவிச்சுக்கிட்டு விறுவிறுன்னு கோயிலுக்குப் போயி கதவச் சாத்திக்குவாங்க. சாமி தனியா ஒரு ராத்திரி வெளிய கெடந்து, மறுநாள் மலையச் சுத்தி வரணும். சுந்தரர் நடுவுல தூது. அப்புறம் சாயங்காலம் மறுவூடல், கதவு தொறக்கும், ரெண்டு பேரும் சேருவாங்க. ஊடல் பாத்தவங்க மறுவூடலையும் பாத்தே ஆகணும், பாக்கலன்னா வீட்டுச் சண்டை நிக்காதுன்னு எங்க வீட்டுல சொல்லுவாங்க.

அந்த வருஷம் கடை வாசல்ல நின்னு ஊடல் பாத்தேன். மேளம், தீவட்டி எண்ணெய் வாடை, பூ வாசனை. அம்மன் பல்லக்கு திரும்பிப் போற வேகத்துல ஆளுங்க வழி விட்டு ஒதுங்கினாங்க. எனக்கு அம்மன் மேலயும் பொறாமை வந்துச்சுன்னா நம்புவீங்களா? அவங்க கோவிச்சுக்கிட்டா ஊரே கூடி வேடிக்கை பாக்குது, ஒரு ராத்திரி பூரா கோவமா இருக்க விடறாங்க, தூது போறாங்க. நான் மூஞ்சியத் தூக்கினா, "என்னடி இழுப்பு?"ன்னு முதுகுல ஒண்ணு வைப்பாங்க.

மறுநாள் சாயங்காலம் கோயில்ல எல்லாரையும் குருக்கள் சேத்து நிறுத்தி வெச்சாரு. இந்தப் பக்கம் நாங்க, அந்தப் பக்கம் அத்தை, மாமா, அவ. விஷயம் எனக்குப் புரிஞ்சு போச்சு. கதவு தொறக்கற நேரத்துக்கு ரெண்டு கண்ணையும் இறுக்கி மூடிக்கிட்டேன். மணிச் சத்தம் காதைப் பொளக்குது, கற்பூர சூடு மூஞ்சியில அடிக்குது, நான் தொறக்கல. நான் பாக்கலன்னா எங்க வீட்டுச் சண்டை நிக்காதே! அப்படி ஒரு நம்பிக்கை. கண்ணத் தொறந்தா அத்தை அப்பா தோள்ல சாஞ்சு அழுதுக்கிட்டு இருக்காங்க. அம்மன் என்னை ஒரு பொருட்டா மதிக்கல.

எல்லாரும் எங்க வீட்டுக்கு வந்தாங்க. இலை போட்டாச்சு. அம்மா வடை, பாயசம்னு சமைச்சு வெச்சிருந்தாங்க. கை நனைக்கறதுக்கு முன்னாடி குருக்கள் நின்னுக்கிட்டே சொன்னாரு: "ஒண்ணே ஒண்ணு கேளுங்கோ. யார் லேட்டு, யார் அவசரப்பட்டா, ஏன், எதுக்கு, எதையும் கிளறப்படாது. கதவு தொறந்தப்புறம் அம்பாள் பிருங்கி பேச்ச எடுக்கறாளா? பழசு பழசோட போகட்டும்."

"சரிங்க சாமி"ன்னாரு அப்பா. "சரிங்க"ன்னாங்க அத்தை.

அவ்வளவு தான், வாயக் கட்டியாச்சு. அப்பா அவளை இழுத்து மடியில உக்கார வெச்சுக்கிட்டாரு. காதுல இருந்த கம்மலத் தொட்டுத் தொட்டுப் பாத்தாரு. அப்புறம் என் பக்கம் திரும்பினாரு. "கண்ணு, காலை நீட்டு"ன்னாரு. நான் நீட்டினேன். ஏன்னு கேக்க எனக்கு வாய் வரல. ரெண்டையும் கழட்டி அவ காலுக்கு மாட்டிட்டு, "இது உனக்கு"ன்னாரு. மத்தத சொல்லக் கூடாதே, குருக்கள் உத்தரவு! அத்தை வாயைப் பொத்திக்கிட்டு, "எங்கண்ணன் பொண்ணுக்கு எவ்ளோ பெரிய மனசு பாருங்க, ஒரு வார்த்த பேசாம கழட்டிக் குடுக்குது"ன்னாங்க. எல்லாரும் என் தலையத் தடவினாங்க. பெரிய மனசாம்! வயித்தெரிச்சல்ல வாயடைச்சு நின்னவளுக்குப் பட்டம் கட்டிட்டாங்க. அந்தப் பட்டத்த இன்னைக்கு வரைக்கும் என்னால கழட்ட முடியல.

"உனக்கு வேற வாங்கித் தரேன்"ன்னு அப்பா சொன்னாரு. மறந்துட்டாரு. நானும் கேக்கல. அந்தக் கொலுசையும் அவ கொஞ்ச நாள்லயே ஏரியில தொலைச்சுட்டாள்னு சேதி வந்துச்சு. அன்னைக்கு நான் சோறு திங்கல. என்கிட்ட இருந்திருந்தா தொலைஞ்சிருக்குமா?

அப்பா போய்ச் சேந்தாச்சு, அம்மாவும் போயாச்சு. பத்தர் கடை இருந்த இடத்துல இப்ப லாட்ஜு. அவ வேலூர்ல இருக்கா, நான் வேங்கிக்கால்ல வீடு கட்டிக்கிட்டு வந்துட்டேன். நல்லது கெட்டதுக்குப் பாத்துக்குவோம், சிரிச்சுக்குவோம். இந்தத் தையில தான், "ஊடல் பாத்து எத்தனையோ வருஷமாச்சுடி"ன்னு கெளம்பி வந்து என் வீட்டுல தங்கினா.

ஆட்டோ புடிச்சுப் போயி, தெருவுல ஒரு கடை வாசப்படியில இடம் புடிச்சு உக்காந்தோம். அவளுக்கு முட்டி வலி, காலை நீட்டிக்கிட்டா. அம்மன் திரும்பிப் போனதும் கூட்டம் கலைஞ்சுச்சு. அப்ப என் பக்கம் பாக்காமலே சொன்னா.

"அந்தக் கொலுசு தொலையலடி. நான் தான் ஏரியில வீசினேன். தொலைச்சுட்டேன்னு பொய் சொல்லி அம்மாகிட்ட வெளக்குமாத்தால அடி வாங்கினேன்."

"வீசினியா? ஏன்டி?"

"பின்ன? உனக்குன்னு மாமா ஆசை ஆசையா வாங்கினது. தீபத்தன்னைக்கு உன் கால்ல பாத்தேன்ல? உனக்குப் புதுசு, எனக்கு உன் கால்ல கெடந்து மணி நசுங்கின பழசு. மடியில வெச்சுக் கொஞ்சினா மட்டும் ஆச்சா? பெத்த பொண்ணு பெத்த பொண்ணு தான்னு அன்னைக்கே புரிஞ்சு போச்சு. உன்னைப் பாத்தா எனக்குப் பத்திக்கிட்டு வரும். இத்தனை வருஷமாச்சு, இன்னும் உள்ள கெடக்கு. கேவலமா இருக்கில்ல?"

எனக்கு என்ன வந்துச்சு தெரியுமா? சந்தோஷம். அம்பது வருஷமா என்னைப் பாத்து ஒருத்தி பொறாமைப்பட்டிருக்கா! அதுவும் அவ! அவ கண்ணுக்கு, மாமா ஆசை ஆசையா வாங்கிக் குடுத்த பொண்ணு நான். பத்தர் கடையில நடந்தது தெரிஞ்சவங்கள்ல இப்ப மிச்சம் இருக்கறது நான் ஒருத்தி தான். நான் வாயத் தொறக்கலன்னா அந்தக் கொலுசு காலத்துக்கும் எனக்கு வாங்கினது தான். தொறந்தா அதுவும் அவளுக்குப் போயிடும்.

"அதுக்கு ஒரு பதில் இருக்கு. நாளைக்குச் சொல்றேன்"னேன்.

"இப்பச் சொன்னா என்னடி?"

"அம்மனுக்கே ஒரு ராத்திரி விடறாங்க. எனக்கும் விடு."

அவ ஒண்ணும் புரியாம சிரிச்சா. அந்த ஒரு ராத்திரி, அந்தக் கொலுசு எனக்கே வாங்கினது. அப்பா ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்தது எனக்காக. மணிய ஜாஸ்தி வைங்கன்னு சொன்னது எனக்காக. ஆசை தீர அப்படியே நெனச்சுக்கிட்டுத் தூங்கிப் போனேன்.

மறுநாள் சாயங்காலம் கோயிலுக்குப் போனோம். இந்த தடவ நான் கண்ண மூடல. கதவு தொறந்துச்சு, தீபாராதனை காட்டினாங்க, கூட்டம் கன்னத்துல போட்டுக்கிச்சு. மணிச் சத்தம் அடங்கினதும் அவ கையப் புடிச்சுத் தூணோரமா இழுத்துட்டுப் போனேன்.

"அது உனக்கு வாங்கினதுடி. உன் காது குத்துக்குச் சீரா. அதுக்காகத் தான் அப்பா லேட்டு. சத்தம் கம்மியா இருக்கு, இன்னும் மணி வைங்கன்னு பத்தர் கடையில உக்காந்துட்டாரு. நான் கூட இருந்தேன். நீ தெருமுனையில வரும்போதே அவருக்குக் கேக்கணுமாம்."

"எனக்கா?"ன்னா.

"உனக்குத் தான்."

"எனக்கா வாங்கினாரு?"

அப்படியே தூணுல சாஞ்சு கீழ உக்காந்துட்டா. முட்டி வலியெல்லாம் எங்க போச்சோ. காலை நீட்டி, சேலைய லேசா தூக்கி, வெறும் கணுக்காலக் கையால தடவிக்கிட்டே இருந்தா. கண்ணுல தண்ணி கொட்டுது. "எனக்கா, எனக்கா"ன்னு அதையே சொல்லிக்கிட்டு இருந்தா. போறவங்க வர்றவங்க எல்லாம் பாத்துட்டுப் போனாங்க.

நானும் பக்கத்துல உக்காந்து அவ தோளச் சேத்துப் புடிச்சுக்கிட்டேன். சத்தியமாச் சொல்றேன், அப்பவும் எனக்குப் பொறாமையா தான் இருந்துச்சு.